நிரல் மொழிமாறலாம், கணக்கு மாறலாமா?

கரோனா பொதுமுடக்கத்தால் வேலையிழந்தவர்கள் லட்சக்கணக்கில் உதவித்தொகை கோரி விண்ணப்பித்துக்கொண்டிருந்த 2020 ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாண ஆளுநர் பில் மர்ஃபி செய்தியாளர்களிடம் விநோதமான ஒரு வேண்டுகோளை வைத்தார். மருத்துவப் பணியாளர்கள் மட்டுமல்ல, 'கோபால்' என்கிற கணினி மொழி தெரிந்தவர்களும் தன்னார்வலர்களாக முன்வர வேண்டும் என்பதே அது. உதவித்தொகையைக் கையாளும் கணினி அமைப்புகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானவை. அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றுவிட்டனர்.

தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைப் போலத் தோன்றும் இந்தக் 'கோபால்', வணிகக் கணக்குகளுக்கென்றே 1959-இல் வடிவமைக்கப்பட்ட நிரல்மொழி. உலகின் பல பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசுகளின் ஓய்வூதியத் துறைகள் ஆகியவற்றின் அடித்தளத்தில் அது இன்றும் ஓசையின்றி உழைத்துக்கொண்டிருக்கிறது. உடனடியாக நவீனப்படுத்த வேண்டியவை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2019-இல் பட்டியலிட்ட பத்து முக்கியக் கணினி அமைப்புகளின் வயது 8 ஆண்டுகள் முதல் 51 ஆண்டுகள் வரை. அந்நாட்டு மத்திய அரசு 2019 வாக்கில் தகவல் தொழில்நுட்பத்துக்கு ஆண்டுதோறும் செலவிட்ட சுமார் 90 பில்லியன் டாலரில் ஏறத்தாழ 80 சதவீதம், ஏற்கெனவே இருப்பதைப் பராமரிப்பதற்கே போனது.

இந்தச் சிக்கலுக்கு இப்போது எளிய விடை ஒன்று சந்தைக்கு வந்திருக்கிறது. பழைய நிரலை மனிதர்கள் உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டியதில்லை. கருவியே மொழிபெயர்த்துத் தந்துவிடும் என்பதுதான் அந்த விடை. கருப்புத் திரையில் கருவியின் பெயரையும், பழைய கோப்பின் பெயரையும், எந்த மொழிக்கு மாற்ற வேண்டும் என்பதையும் ஒரே வரியில் தட்டச்சு செய்து விசையை அழுத்தினால் போதும். சில நொடிகளில் ஆயிரக்கணக்கான வரிகள் புதிய மொழியில் கொட்டுகின்றன. பார்ப்பதற்கு மாயம்போல இருக்கும். ஆட்சியாளர்களையும் நிறுவனத் தலைவர்களையும் இந்த மாயம் ஈர்ப்பதில் வியப்பில்லை. கோபால் நிரலை ஜாவா மொழிக்கு மாற்ற உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஐபிஎம் நிறுவனம் 2023-இல் அறிவித்தது. 'சி' மொழி நிரல்கள் அனைத்தையும் 'ரஸ்ட்' மொழிக்கு மாற்றும் வழிகளைக் கண்டறிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான தர்பா, 'டிராக்டர்' என்ற பெயரில் 2024-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு முகமையின் கோபால் நிரல்களைச் சில மாதங்களிலேயே வேறு மொழிக்கு மாற்றிவிடத் திட்டமிடப்படுகிறது என்ற செய்தி 2025 மார்ச்சில் வெளியாகிப் பலரையும் திகைக்க வைத்தது. கோடிக்கணக்கான முதியோருக்கு மாதந்தோறும் பணம் வழங்கும் அமைப்பு அது.

மொழிபெயர்க்கும் செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது உண்மை. மொழிபெயர்த்தது சரிதானா என்று பார்க்கும் செலவு அந்த அளவுக்குக் குறையவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிக் கணக்குப் போடுகிறவர்கள், தங்கள் கையிருப்பை மட்டுமல்ல, அடுத்தவரின் ஓய்வூதியத்தையும் பணயம் வைக்கிறார்கள்.

நிரல்களை மொழிபெயர்க்கும் கருவிகள் புதியவை அல்ல. அறிவியல் கணக்கீடுகளுக்குப் பயன்பட்ட ஃபோர்ட்ரான் நிரல்களைச் சி மொழிக்கு மாற்றும் 'எஃப்-டு-சி' என்ற கருவி 1990 வாக்கிலேயே புழக்கத்துக்கு வந்தது. பெல் ஆய்வகமும் பெல்கோரும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கருவி, ஃபோர்ட்ரான் தொகுப்பி இல்லாத கணினிகளிலும் அந்நிரல்களை ஓட வைத்தது. கணிதச் சமன்பாடுகளை அழகாக அச்சிடுவதற்காக டொனால்டு நூத் எழுதிய 'டெக்' மென்பொருளும் அப்படித்தான். அவர் அதைப் பாஸ்கல் மொழியைத் தழுவிய தம்முடைய 'வெப்' முறையில் எழுதினார். இன்றுவரை பல கணினிகளில் அது ஒரு கருவியால் சி மொழிக்கு மாற்றப்பட்ட பிறகே இயங்கு வடிவம் பெறுகிறது.

இந்த இரண்டு உதாரணங்களிலும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பு முடிந்ததும் மூலத்தை யாரும் தூக்கி எறியவில்லை. திருத்தம் தேவைப்பட்டால் மூலத்தில்தான் செய்தார்கள். மொழிபெயர்ப்பை மீண்டும் ஒருமுறை கருவியிடம் கேட்டுப் பெற்றார்கள். மொழிபெயர்க்கப்பட்ட நிரலை எந்த மனிதரும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய தேவையே எழவில்லை. அது கணினிக்காக மட்டும் எழுதப்பட்டது. இப்போது பேசப்படும் மொழிபெயர்ப்பு அத்தகையதல்ல. பழைய நிரல் ஓய்வு பெறப்போகிறது. மொழிபெயர்ப்பே இனி மூலம். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அதைப் படிக்கவும் திருத்தவும் வேண்டியவர்கள் மனிதர்கள். தேவை மாறிவிட்ட பிறகு, பழைய கருவிகளின் வெற்றியைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

இவ்வாறு ஒரே முறை மாற்றிவிட்டு மூலத்தைக் கைவிட்ட முயற்சிகளில் நேர்மையாகப் பேசப்பட்ட ஒன்று, கூகுள் நிறுவனத்தின் 'கோ' மொழி. அதன் தொகுப்பி முதலில் சி மொழியில் இருந்தது. அதைக் கோ மொழிக்கே மாற்றுவதற்காக அக்குழுவினர் தனியாக ஒரு கருவியை எழுதினார்கள். 2015 ஆகஸ்டில் வெளிவந்த 1.5 பதிப்பு அப்படி மாற்றப்பட்டதுதான். எழுதியவர்களே உடனிருந்தார்கள், இரண்டு மொழிகளையும் கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள். அப்படியிருந்தும், தானியங்கியாக மாற்றப்பட்ட நிரல் கோ மொழியின் இயல்புக்கு ஒட்டாமல் இருக்கிறது என்றும், தொகுக்கும் வேலை முன்னைவிட ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுக்கிறது என்றும் வெளியீட்டுக் குறிப்பிலேயே அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அடுத்தடுத்த பதிப்புகளில் அதைச் சீர்ப்படுத்தினார்கள். அந்தச் சீரமைப்புதான் உண்மையான வேலை. மொழிபெயர்ப்பு அதற்கான முன்னுரை.

ஒரே குறி, ஒவ்வொரு மொழியிலும் வேறு பொருள் தருவது இதைவிடச் சிக்கலானது. வகுத்தல் குறியை எடுத்துக்கொள்வோம். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பில் ஏழை இரண்டால் வகுத்தால் விடை 3. மூன்றாம் பதிப்பில் 3.5. கழித்தல் குறியுடன் கூடிய ஏழை இரண்டால் வகுத்தால் சி மொழி -3 என்கிறது. பழைய பைத்தான் -4 என்கிறது. யாருடைய விடையும் தவறல்ல. முழு எண்களை வகுக்கும்போது மிச்சத்தை என்ன செய்வது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் மரபுப்படி முடிவு செய்துகொண்டது, அவ்வளவுதான். பைத்தானின் பழைய நிரல்களைப் புதிய பதிப்புக்கு மாற்ற அந்த மொழியின் காப்பாளர்களே ஒரு கட்டளைக் கருவியை வழங்கினார்கள். அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி போடுவது போன்ற வேலைகளை அது நன்றாகவே செய்தது. ஆனால், வகுத்தல் குறியை அது தொடவில்லை, தொடவும் முடியாது. அந்த இடத்தில் முழு எண் வேண்டும் என்று நினைத்து எழுதினாரா, தசமம் வேண்டும் என்று நினைத்து எழுதினாரா என்பது எழுதியவரின் மனதில் இருந்தது, நிரலில் இல்லை. 2008 இறுதியில் வந்த மூன்றாம் பதிப்புக்கு உலகம் முழுவதுமாக நகர ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் பிடித்தன. 2020 ஜனவரி முதல் நாளில்தான் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. அதுவும் ஒரே மொழியின் இரண்டு பதிப்புகளுக்கு இடையே நடந்த மாற்றம்!

சி மொழியிலிருந்து ரஸ்ட் மொழிக்கு மாற வேண்டும் என்ற குரலுக்குப் பின்னால் நியாயமான காரணம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சி மொழியில் எழுதப்பட்ட நிரல், நினைவகத்தில் தனக்குப் பத்து அறைகள் ஒதுக்கிக்கொண்டு பதினோராவது அறையைத் திறந்தாலும் தடுப்பார் இல்லை. 2014-இல் உலகை உலுக்கிய 'ஹார்ட்பிளீட்' பிழை இத்தகையதே. "நான் அனுப்பிய சொல்லைத் திருப்பி அனுப்பு, அதன் நீளம் இவ்வளவு" என்று ஒரு கணினி பொய்யான நீளத்தைச் சொன்னால், மறுமுனையிலிருந்த சேவையகம் அதைச் சரிபார்க்காமல், தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்தவற்றையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. ஒரே முறையில் 64 கிலோபைட் வரை. அதில் கடவுச்சொற்களும் இருந்திருக்கலாம், ரகசியச் சாவிகளும் இருந்திருக்கலாம். தங்கள் மென்பொருள்களில் ஆண்டுதோறும் பதிவாகும் பாதுகாப்புக் குறைபாடுகளில் சுமார் 70 சதவீதம் இத்தகைய நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் தெரிவித்தது. ரஸ்ட் போன்ற மொழிகளில் இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றை நிரல் ஓடுவதற்கு முன்பே தொகுப்பி பிடித்துவிடும். எனவேதான் அமெரிக்க வெள்ளை மாளிகையே 2024 பிப்ரவரியில் இதுகுறித்து அறிக்கை வெளியிட்டது.

ஆனால், கருவி என்ன செய்கிறது? சி நிரலை ரஸ்ட் நிரலாக்கும் 'சி-டு-ரஸ்ட்' என்ற கருவி எவரும் இலவசமாகப் பயன்படுத்தக் கூடியது. ஒரு வரிக் கட்டளையில் இயங்குவது. தர்பாவின் நிதியுதவியுடன் வளர்ந்த அக்கருவி, மூலத்தின் நடத்தையை அப்படியே காப்பதைத் தன் முதற்கடமையாகக் கொண்டிருக்கிறது. அப்படியே காப்பது என்றால் பிழையையும் சேர்த்துத்தான். ரஸ்ட் மொழியில் 'அன்சேஃப்' என்றொரு சொல் உண்டு. "இந்தப் பகுதியில் உன் காவல் வேண்டாம், பொறுப்பு என்னுடையது" என்று நிரலாளர் தொகுப்பிக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. இந்தக் கருவி தரும் நிரலில் செயற்கூறுகள் பெரும்பாலும் அந்தச் சொல்லுடனேயே பிறக்கின்றன. எதற்காக ரஸ்ட் மொழிக்கு வந்தோமோ அந்தப் பாதுகாப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைவது போன்றது இது. இதைக் கருவியின் குற்றமாகச் சொல்ல முடியாது. அதன் ஆசிரியர்கள் இதை மறைக்கவும் இல்லை. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. இதன்மேல் மனிதர்கள் வேலை செய்து பாதுகாப்பான நிரலாக மாற்ற வேண்டும் என்றே அவர்கள் கூறுகிறார்கள். விற்பனைப் பேச்சில்தான் அந்த இரண்டாம் பாதி காணாமல் போகிறது.

இன்னொரு நுட்பமான இழப்பும் உண்டு. ஒரே சி நிரலில், "விண்டோஸ் கணினியாக இருந்தால் இப்படிச் செய், லினக்ஸாக இருந்தால் அப்படிச் செய்" என்ற கிளைகள் இருப்பது வழக்கம். தொகுப்பதற்கு முன்பாக நடக்கும் ஓர் ஆயத்தப் படியில், தேவையில்லாத கிளை நீக்கப்பட்டுவிடும். கருவி மொழிபெயர்ப்பது அந்தப் படிக்குப் பிந்தைய வடிவத்தைத்தான். ஆகவே லினக்ஸ் கணினியில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் விண்டோஸுக்கான கிளை சுவடில்லாமல் மறைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு மட்டுமே அது தெரியும்.

விதிகளின்படி இயங்கும் கருவிகளின் குறை இது என்றால், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் குறை நேர் எதிரானது. அவை தரும் நிரல் படிக்க அழகாக இருக்கும். தேர்ந்த நிரலாளர் எழுதியதுபோலவே தோன்றும். மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. ஐந்து மொழிகளுக்கிடையே 1,700 நிரல் மாதிரிகளை மொழிபெயர்க்கச் சொல்லிப் பல மொழி மாதிரிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. சரியாக அமைந்த மொழிபெயர்ப்புகள் 2.1 சதவீதம் முதல் 47.3 சதவீதம் வரையே இருந்தன. அதன்பின் இந்தத் தொழில்நுட்பம் வேகமாக முன்னேறியிருக்கிறது. அதை மறுப்பது அறியாமை. எனினும் விழுக்காடு உயர உயர ஒரு புதிய ஆபத்தும் உயர்கிறது. பாதி தவறாக இருக்கும் மொழிபெயர்ப்பை யாரும் நம்பப்போவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக இருப்பதைச் சரிபார்க்க உட்காருகிறவரின் கண், நாற்பதாவது பக்கத்திலேயே அயர்ந்துவிடும். ஒரு கோடி வரிகள் கொண்ட நிரலில் மிச்சமிருக்கும் அந்த ஒரு சதவீதம் என்பது ஒரு லட்சம் வரி.

கோபால் நிரல்களில் இந்த ஆபத்து எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு ஓரிரு உதாரணங்கள் சொல்லலாம். பணக் கணக்குக்காகவே பிறந்த மொழி என்பதால், அது எண்களைப் பதின்ம முறையிலேயே துல்லியமாகக் கையாள்கிறது. புதிய மொழிகளின் வழக்கமான தசம எண் வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் விடை 0.3-ஐவிட ஒரு நூலிழை கூடுதலாக வரும். இது எல்லா நிரலாளருக்கும் தெரிந்ததே. ஜாவாவில் இதற்கென்று தனி வகை இருக்கிறது, நல்ல கருவிகள் அதைப் பயன்படுத்தும். ஆனால், அடுத்த படி வழுக்கும். வட்டி 123.456 என்று வருகிறது; சேமிக்கும் இடத்தில் இரண்டு தசமங்களுக்கே இடம் இருக்கிறது. முழுமையாக்கு என்று வெளிப்படையாகச் சொல்லாதவரை, கோபால் மூன்றாம் தசமத்தை வெட்டி எறிந்துவிட்டு 123.45 என்று எழுதும். பள்ளியில் கற்ற முறைப்படி எழுதப்பட்ட புதிய நிரல் 123.46 என்று எழுதும். வித்தியாசம் ஒரு பைசாதான். கோடிக்கணக்கான கணக்குகளில், மாதந்தோறும், கூட்டுவட்டியாக அந்த ஒரு பைசா சேரும்போது தணிக்கையாளர் கேள்வி கேட்பார். இவற்றில் எது சரி? வெட்டுவதுதான் சட்டம் சொன்ன விதியா, அல்லது 1978-இல் ஒருவர் ஒரு சொல்லை எழுத மறந்தாரா? நிரலைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. விதிக் கருவி கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். செயற்கை நுண்ணறிவு, 'திருத்தி'விட்டோம் என்ற நினைப்பில் முழுமையாக்கிவிடக்கூடும். இரண்டில் ஒன்று தவறு. எது என்று அறிய அந்தக் காலத்து அரசாணையைத் தேடி எடுக்க வேண்டும்.

வரிசைப்படுத்தலும் அப்படியே. ஐபிஎம் பெருங்கணினிகளின் எழுத்துக் குறியீட்டில் ஆங்கில எழுத்துகள் முதலில் வரும், எண்கள் பிறகு. இன்றைய மற்றக் கணினிகளில் எண்கள் முதலில், எழுத்துகள் பிறகு. எழுத்தும் எண்ணும் கலந்த கணக்கு எண்களை வரிசைப்படுத்தி, இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுச் சேர்க்கும் பழைய நிரலை ஒரு வரிகூடப் பிசகாமல் மொழிபெயர்த்தாலும், புதிய கணினியில் வரிசை மாறிவிடும். பாதிப் பெயர்கள் பட்டியலில் 'இல்லை' என்று நிரல் சொல்லக்கூடும். மொழிபெயர்ப்பில் குற்றம் காண முடியாது. பணம் வராதவருக்கு அந்த விளக்கம் எதற்கு உதவும்?

சரி, எல்லாவற்றையும் மொழிபெயர்த்தே ஆக வேண்டுமா? கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு அனுபவம் இந்தக் கேள்விக்கு எதிர்பாராத விடையைத் தருகிறது. ஆண்ட்ராய்டில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது. 2024-இல் 24 சதவீதமாகக் குறைந்தது. பழைய நிரல்களை மூட்டை கட்டி மொழிபெயர்த்ததால் அல்ல. பழையதைப் பெரும்பாலும் இருந்தபடியே விட்டுவிட்டு, புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கியதால் வந்த மாற்றம் அது. பிழைகள் புதிய நிரலில்தான் அதிகம். ஆண்டுகள் செல்லச்செல்ல, கண்டுபிடித்துத் திருத்தப்பட்டு, பழைய நிரல் மெல்ல மெல்லப் பக்குவப்படுகிறது என்பது அவர்களின் கணிப்பு. நாற்பது ஆண்டுகள் ஓடிய நிரலை முழுதாக மொழிபெயர்ப்பது என்பது, அந்தப் பக்குவத்தைக் கைவிட்டு மீண்டும் முதல் நாளுக்குத் திரும்புவதற்கு ஒப்பாகலாம்.

மொழிமாற்றமே கூடாது என்பதல்ல வாதம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் 'டைப்ஸ்கிரிப்ட்' மொழியின் தொகுப்பியைக் கோ மொழிக்கு மாற்றுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. சுமார் 15 லட்சம் வரிகள் கொண்ட ஒரு நிரலைச் சரிபார்க்க முன்பு 77.8 விநாடிகள் ஆயின. மாற்றிய வடிவத்தில் 7.5 விநாடிகள். அம்மொழியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் ரஸ்டைத் தேர்ந்தெடுக்காமல் கோ மொழியைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன முதன்மையான காரணம், பழைய நிரலின் அமைப்பு அதில் பெரிதாகக் குலையாமல் பொருந்துகிறது என்பது. கூடவே, ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த ஆயிரக்கணக்கான சோதனைகள் அவர்களிடம் இருந்தன. புதிய நிரல் எங்கே மூலத்திலிருந்து விலகுகிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். நாற்பது ஆண்டுப் பழைய உதவித்தொகை அமைப்புகளில் பலவற்றுக்கு அத்தகைய சோதனைத் தொகுப்பே கிடையாது. மாதந்தோறும் சரியாகப் பணம் போய்ச் சேர்ந்தது என்பதே அவற்றின் ஒரே சோதனை.

இந்த விவாதம் அமெரிக்காவின் வீட்டு விவகாரம் அல்ல. ஆண்டுகளை இரண்டு இலக்கங்களில் எழுதிவைத்த பழைய நிரல்கள் 2000-ஆம் ஆண்டில் தடுமாறும் என்ற அச்சம் எழுந்தபோது, அவற்றைத் திருத்தும் பெரும்பணி இந்திய நிறுவனங்களுக்கு வந்தது. டாடா கன்சல்டன்சி நிறுவனம் அதைத் தொழிற்சாலை உற்பத்தியைப் போல ஒழுங்குபடுத்தி, பாதி வேலையைத் தானாகச் செய்யும் கருவிகளையும் உருவாக்கியது. கோபால் கற்றுக்கொண்டு வேலைக்குப் போன ஒரு தலைமுறை சென்னையிலும் உண்டு. அன்று பல நிரல்களில் ஆண்டை நான்கு இலக்கமாக விரிக்கவில்லை. "இரண்டு இலக்கம் இன்ன எண்ணுக்குக் குறைவாக இருந்தால் 2000 என்று கொள், இல்லையேல் 1900 என்று கொள்" என்ற வரியைச் செருகி முடித்தார்கள். நேரம் இல்லை, அந்த நிரல் இன்னும் முப்பது ஆண்டுகள் ஓடும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. அந்த வரிகளும் இன்று புதிய மொழிக்குப் பெயர்க்கப்படுகின்றன. அங்கே ஏன் அப்படி ஓர் எண் இருக்கிறது என்று விசாரித்தால் பதில் சொல்லக்கூடியவர், இப்போது அறுபதைக் கடந்து, மடிப்பாக்கத்திலோ பெருங்குடியிலோ காலை நடைப்பயிற்சியில் இருக்கக்கூடும்.

வங்கிகளின் கணினிமயமாக்கலுக்கு வழிகாட்டிய ரங்கராஜன் குழு தன் அறிக்கையைத் தந்தது 1984-இல். அதன்பின் நம் நாட்டில் எழுதப்பட்ட நிரல்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. இதே கருவிகள் இங்கும் விலைபேசப்படும். அப்போது ஒப்பந்தப்புள்ளியில் மொழிபெயர்ப்புக்கு ஒரு தொகையும், சரிபார்ப்புக்குத் தனியாக அதைவிடப் பெரிய தொகையும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கவும் கூடாது. விடைத்தாளை எழுதியவரே திருத்துவது எந்தத் தேர்விலும் வழக்கமில்லை. தவறு நேர்ந்தால் பணம் வராதவர் யாரிடம் போய்ச் சொல்வது, எத்தனை நாளில் பதில் வரும், அதுவரை பழைய கணக்கின்படியாவது தொகை கிடைக்குமா என்பவையும் ஒப்பந்தத்தில் எழுத்துவடிவில் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் மலிவான ஒப்பந்தப்புள்ளியே வெல்லும். விட்டுப்போன சரிபார்ப்பை வரிசையில் நிற்கும் முதியவர்கள் இலவசமாகச் செய்து கொடுப்பார்கள்.

இது மிகையான அச்சம் என்று நினைப்பவர்கள் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியை நினைவுகூரலாம். 2018 ஏப்ரலில் அது 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. நிரல் மொழிபெயர்ப்பு அல்ல அது, அமைப்பு மாற்றம். ஆனால், இடறிய இடம் இதேதான். போதுமான சோதனை நடக்கவில்லை. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆயின. ஒழுங்குமுறை அமைப்புகள் 2022 டிசம்பரில் விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கும் மேல்.

இதற்குச் சிக்கலில்லாத மாற்றுவழி பழைய காலத்துக் கணக்காளர்களுக்குத் தெரிந்ததுதான். புதிய பேரேட்டைத் திறந்தவுடன் பழைய பேரேட்டை மூடிவிட மாட்டார்கள். சில மாதங்களுக்கு இரண்டிலும் எழுதி, மாத முடிவில் கூட்டுத்தொகையை ஒப்பிடுவார்கள். பழைய நிரலையும் மொழிபெயர்த்த நிரலையும் ஒரே தரவின்மீது ஓட விட்டால், மாத இறுதியில் விடைகள் வேறுபடும் கணக்குகளின் பட்டியல் கிடைக்கும். ஒரு மாதம் போதாது. நிதியாண்டு முடிவு, அகவிலைப்படி உயர்வு, லீப் ஆண்டின் பிப்ரவரி என்று அரிதாக வரும் நாள்களையும் அது கடந்தாக வேண்டும். இரட்டைச் செலவு என்று நிதித் துறை முணுமுணுக்கும். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, பழையது சரியா புதியது சரியா என்று ஒருவர் காரணத்துடன் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளே பணியில் இருப்பார்கள். கருவி வாங்குவதற்கு முன்பாக அவர்களை அழைத்து உட்கார வைக்க வேண்டும்.